மாமி முட்டையில் எழுதும் சொல்

மாமி யாரையும் அடித்ததில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகள்மேல் கைவைக்காத ஒரே பெரிய மனுஷி அவர்தான். ஆனாலும் பூவரசங் கம்போடு திரிகிற மற்றத் தாய்மாரை விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அவருக்குத்தான் பயந்தோம். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய ஆட்கள் இன்னும் பேசாலைப் பக்கம் இருக்கிறார்கள். நல்ல சனம், அவர்களை ஏன் இதற்குள் இழுப்பான்.

உயரமான, எலும்பான பெண். எந்த நேரமும் துவைத்த வெள்ளைச் சேலை, வெறுங்காது, விரல் நுனிகளில் ஓலைச் சாயம். பனையோலையில் பாயும் பெட்டியும் இழைத்து விற்றுத்தான் சீவியம். கணவர் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை செய்தவராம், கலியாணம் முடித்துச் சில வருஷத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவருக்கென்று இருந்தவை ஒரு கல்வீடு, கொஞ்சக் கோழிகள், வாழ்நாளில் தான் பொய் சொன்னதில்லை என்கிற பெருமை. இவற்றில் கடைசியைத்தான் அவர் தீனி போட்டு வளர்த்தார்.

"உள்ளதைத்தானே சொல்லுறன்" என்பார். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வெற்றிலை மாதிரி, அவருக்கு அந்த வார்த்தை எப்போதும் வாயில் கிடக்கும்.

ஒருமுறை எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், வெயில் தாங்காமல் மாமி வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருத்தி, பேச்சுக்குத்தான், பெண்ணுக்கு வருத்தம் கிருத்தம் ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறாள். வலிப்பு வரும், போன ஆவணியிலும் வந்தது என்று மாமி சொல்லிவிட்டுத் தண்ணீரையும் கொடுத்தார். வந்தவர்கள் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். பெண்ணின் தகப்பன் வந்து முற்றத்தில் நின்று கத்தினார். மாமி ஓலை வாருவதை நிறுத்தவில்லை. "கேட்டவை, சொன்னனான். கேளாட்டில் வாய் திறந்திருக்கமாட்டன்." அந்தப் பெண்ணுக்குப் பிறகு கலியாணமே சரிவரவில்லை. அவள் தினமும் மாமி வீட்டைத் தாண்டித்தான் கிணற்றுக்குப் போவாள், மாமியும் தினமும் அவளிடம் சுகம் விசாரிப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் ஒரு சம்மாட்டியார், இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், வயிற்றில் கட்டி வந்து படுக்கையில் கிடந்தார். நாற்றம் தாங்காமல் மருமக்கள் வாசலோடு நின்றார்கள். மாமி உள்ளே போய்த் துணி கழுவினார், புண் துடைத்தார், இரவுகளில் கதிரையில் இருந்து விசிறினார். எல்லோரும் அந்த மனிதனிடம் முகம் தெளிந்திருக்கிறது, அடுத்த மாதம் கடலுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மாமியிடம்தான் கேட்டார், தப்புவேனா என்று. "இல்லை அண்ணை. சுவாமியைக் கூப்பிடட்டே?" என்றார் மாமி. சம்மாட்டியார் சுவர்ப்பக்கம் திரும்பிக் குழந்தைபோல அழுதாராம். அன்று பின்னேரமே பங்குச் சுவாமி வந்து எண்ணெய் பூச, அவஸ்தைப்பூசுதல் வாங்கி, மறுநாள் போய்விட்டார். செத்தவீட்டில் பாதிப்பேர் மாமியைத் திட்டினார்கள், பாதிப்பேர் கும்பிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் எந்தப் பாதியோடு சேருவது என்று தெரியாது.

ஆனால் பிள்ளைகளாகிய எங்களுக்கு மாமி என்றால் பாஸ்கா முட்டைதான், உயிர்த்த ஞாயிற்றுக்குச் சாயம் போடுகிற முட்டை.

பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முழுக்க எங்கள் வீடுகளில் இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. கோழிகளுக்குத் தபசு தெரியாது, அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டேயிருக்கும். பாஸ்காவுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முட்டையோடு மாமி வீட்டுக்குப் போகும். இல்லாத பிள்ளைக்கு மாமியே கொடுப்பார். அவித்து, வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, உமி பரப்பிய பெட்டியில் அடுக்குவார். பிறகு மெழுகுதிரித் துண்டுகளைக் கூராகச் சீவி எங்களிடம் தருவார். முட்டையின் ஒரு பக்கத்தில் நாங்கள் விரும்பியதைக் கீறலாம்: சிலுவை, மீன், பூ, வள்ளம். வெள்ளைக் கோதில் வெள்ளை மெழுகால் கீறுவது கண்ணுக்குத் தெரியாது. ஓலைக்குப் போடும் சாயத்தைச் சிவப்பு, பச்சை, ஊதா என்று கரைத்து ஆறவைத்திருப்பார். அதில் அமிழ்த்தி எடுத்தால் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது, நாங்கள் கீறியது வெள்ளையாக எழுந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் நான் அந்த வயதில் அறிந்ததில்லை. சாயம் உள்ளுக்குள் ஊறி வெள்ளைக்கருவெல்லாம் ஊதா நரம்போடியிருக்கும், அதையும் தின்றோம், ஒருவரும் சாகவில்லை.

முட்டையின் மற்றப் பக்கம் மாமிக்குரியது. நாங்கள் கீறி முடித்ததும் பெட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். ஒவ்வொரு முட்டையிலும் மெழுகால் ஒரு சொல் எழுதுவார். அந்தப் பிள்ளையிடம் அந்த வருஷம் அவர் கண்ட ஒன்று. அதையும் நாங்களே எங்கள் கையால் சாயத்தில் போட்டு, நாங்களே எடுத்து, எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத சின்னதுகளுக்குப் பெரிய பிள்ளை ஒன்று வாசிக்கும். பொரிச்சட்டி என்று ஒருவனுக்கு. அவனுக்கு வாய் ஓயாது. படுக்கையை நனைக்கிற ஒருவனுக்கு மூத்திரம். என் தங்கை வீட்டுக்கு வந்த வருஷம் எனக்கு எரிச்சல் என்று வந்தது. சரியான சொல்தான். அதனால்தான் அழுதேன்.

அடுத்த பாஸ்காவரை அந்தச் சொல்தான் அந்தப் பிள்ளைக்குப் பெயர். தாய் தகப்பன்மாரும் தடுக்கவில்லை, அவர்களுக்கு அது பகிடி. மாமி இம்முறை என்ன எழுதினவ என்று கோயில் வாசலில் கேட்டுச் சிரிப்பார்கள். வெட்கப்பட்ட பிள்ளைகள் வழியிலேயே முட்டையை உரித்து விழுங்கிவிட்டுக் கோதைக் காலால் மணலுக்குள் தள்ளும். ஒருமுறை, கண் சற்று வாக்காக, மாறுகண்ணாக உள்ள ஒரு சின்னப் பெட்டைக்கு மாமி வாக்கு என்று எழுதிவிட்டார். ஊருக்குப் புதிதாக வந்த சுவாமி அந்த முட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் வேதப்புத்தகத்து வாக்கு என்று நினைத்துவிட்டார். இந்த வயதில் இவ்வளவு விசுவாசமா என்று உருகி, அந்தப் பெட்டையைப் பூசைக்கு வந்த சனத்துக்கு முன்னால் நிறுத்தி, முட்டையை உயர்த்திக் காட்டினார். சனம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அந்தப் பிள்ளை ஒரு கண்ணால் சுவாமியையும் ஒரு கண்ணால் எங்களையும் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் சிரித்தேன், எல்லோரும்தான் சிரித்தார்கள்.

பிறகும் ஏன் போனீர்கள் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். முட்டைக்காகத்தான் போனோம். மற்றவனுக்கு என்ன வரும் என்று பார்க்கவும் போனோம். அதோடு, மாமி தன்னையும் விடுவதில்லை. எல்லோருக்கும் முதலில் தன்னுடைய முட்டையைத்தான் சாயத்தில் போட்டு எடுப்பார். அதில் ஒவ்வொரு வருஷமும் ஒரே சொல்தான், மலடி. அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "பாத்தியளே, எனக்கும் எழுதினனான்தானே" என்று சிரிப்பார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது?

இனி என் தங்கையின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அவள் என் அம்மா பெற்ற பிள்ளை அல்ல. வங்காலையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் பிரசவத்தோடு இறந்துபோனார். எனக்குப் பிறகு அம்மாவுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அம்மா வங்காலைக்குப் போய்ச் சில மாதம் நின்றுவிட்டு, கையில் ஒரு பெண்குழந்தையோடு வந்தார். அங்கே நின்று பெற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. அம்மா அப்படியே நினைக்கவிட்டார். தெரிந்தவர்கள் எங்கள் வீட்டாரும், மாமியும் மட்டும். மாமியின் தங்கை வங்காலையில் கலியாணம் முடித்திருந்தவர். மாமிக்குத் தெரியாமல் போக வழியில்லை.

தங்கைக்கு இந்த விஷயம் கலியாண எழுத்தின்போது பிறப்புச் சான்றிதழ் எடுக்கப்போய்த்தான் தெரிந்தது. அதனால் இப்போது எழுதலாம். அந்தக் காலத்தில் அம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான்: பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் ஒருநாள் தன்னை விட்டுவிட்டு வங்காலைக்குப் போய்விடுவாள் என்பது. கடலுக்குப் போன அப்பா திரும்ப நேரமானால்கூட அவர் அவ்வளவு பதறியதில்லை.

குழந்தையைக் கொண்டுவந்த கிழமையே அம்மா மாமியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். மாமி யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஆரும் கேட்டால் பொய் சொல்லமாட்டன். கேளாட்டில் நான் ஏன் சொல்லுறன். ஆனா தங்கச்சி, எனக்கு முன்னாலை நின்று பொய் சொல்லிப்போடாதை."

அம்மா அதைக் கட்டளைபோலக் காத்தார். மாமி இருக்கிற இடத்தில் பிள்ளையின் பேச்சையே எடுக்கமாட்டார். வருஷங்கள் போயின. தங்கைக்கு மாமி எழுதியதெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்கு எழுதியதைவிட இலேசான சொற்கள், சிணுங்கி, தூங்கி என்று. அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடத் தொடங்கினார். அதுதான் பிழையாகப் போயிற்று.

தங்கைக்கு ஏழு வயதான வருஷம், பாஸ்காவுக்கு ஒரு கிழமை முந்தின குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறோம். உயிலங்குளத்திலிருந்து வந்த ஒரு பெண், தங்கையின் சுருட்டைத் தலையைத் தடவி, இது யாருடைய தலைமயிர் என்று கேட்டாள். தங்கை அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவுக்கு என்ன பிடித்ததோ, சந்தோஷத்தில் வாய் தடுக்கிவிட்டது. தன் தாயின் தலைமயிர் என்றார். தங்கள் பரம்பரையே இப்படித்தான், இவள் வயிற்றில் இருக்கும்போதே தனக்குத் தெரியும் என்றார். அம்மாவின் தலைமயிர் தும்புத்தடிபோல நேரானது. சொல்லி முடித்துத் திரும்பினால் பக்கத்தில் மாமி.

குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்துகொண்டிருந்தார், செய்து முடித்து எங்களைத் தாண்டிப் போனார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துவிட்டன.

அந்தப் பெரிய கிழமை முழுக்க அம்மா மாமி வீட்டுக்கு ஏதாவது அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஒருநாள் பனங்கட்டி, ஒருநாள் நல்ல பாரைக் கருவாடு. மாமி வாங்கிக்கொள்வார், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாமல் முட்டை வைத்துக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். சனிக்கிழமை தங்கையை அனுப்புவதா விடுவதா என்று அம்மா என்னிடம் கேட்டார். பன்னிரண்டு வயதான என்னிடம். அனுப்பாவிட்டால் மாமி வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்பார், கேட்டால் இன்னொரு பொய் சொல்லவேண்டும். தங்கையோ ஒரு கிழமையாகத் தன் கோழியின் முட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். கடைசியில் அம்மாவும் எங்களோடு வந்தார். தாய்மார் யாரும் அங்கே வருவதில்லை. மாமி ஆச்சரியப்படாமல் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு, இரு என்றார்.

மாமி தன் முட்டையை எடுத்துக் காட்டினார். வழக்கமான சொல், வழக்கமான சிரிப்பு. பிறகு ஒவ்வொரு பிள்ளையாக. தங்கையின் முறை வந்தது. அம்மா வாங்கின் நுனிக்கு வந்துவிட்டார், முட்டையைப் பறிக்கத் தோதாக. தங்கை அதை ஊதாச் சாயத்தில் போட்டு, கரண்டியால் உருட்டி, வெளியே எடுத்தாள். பெரிய கண்ணோடு அவள் கீறிய மீன் பளிச்சென்று தெரிந்தது. அவள் துள்ளினாள். அம்மா எழுந்தார், ஆனால் பிள்ளை அதற்குள் முட்டையைத் திருப்பிவிட்டாள். இரண்டாம் வகுப்புக்காரி, எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். எ, டு, த், த, து.

எடுத்தது.

எடுத்து வளர்க்கிற பிள்ளையை எங்கள் பக்கத்தில் எடுத்த பிள்ளை என்பார்கள், எடுத்தது என்பார்கள். அது பெரியவர்களின் பேச்சு. அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது ஒரே எடுத்ததுதான், களவெடுத்தது. போன வருஷம் ஒரு பையனுக்குக் கள்ளன் என்று வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். முகம் சுருங்கி மாமியைப் பார்த்தாள்.

"நான் ஒண்டும் எடுக்கேல்லை மாமி."

மாமியின் முகம் ஒரு கணம் திகைத்ததை நான் கண்டேன். எல்லாவற்றையும் அளந்து எழுதுகிற மனுஷி இதை அளக்கவில்லை. ஆனால் உடனே தெளிந்துகொண்டார். அம்மாவைப் பார்த்து, பிள்ளைக்கு விளங்கவில்லை, நீயே விளங்கப்படுத்து என்றார். குரலில் கோபம் இல்லை. அவ்வளவு சாந்தமாக ஒரு மனுஷியின் கழுத்தை நெரிக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் அம்மாவைப் பார்க்கின்றன. தங்கையும் பார்க்கிறாள், அம்மா இல்லை என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையோடு. என் பிள்ளை எடுக்காது என்று அம்மா சொல்லியிருந்தால், அப்படியென்றால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி வந்திருக்கும். மாமி காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான். கேட்டால் அவர் சொல்லுவார். உள்ளதைச் சொல்லுவார்.

அம்மா தங்கையின் கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் அவளை அடித்திராத கை.

"எடுத்தவள்தான் அக்கா. எனக்குத் தெரியும். வீட்டை கொண்டுபோய் விசாரிக்கிறன்" என்றார். பிறகு தங்கையைத் தோளில் பிடித்து மாமி பக்கம் திருப்பி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தங்கை சாயக் கையால் கண்ணைத் துடைத்தாள். ஊதாச் சாயம் கன்னம் முழுக்க இழுபட, எடுக்காததற்கு மன்னிப்புக் கேட்டாள். பிள்ளைகளில் ஒன்று கள்ளி என்று மெதுவாகச் சொன்னது. இன்னொன்று அதையே கொஞ்சம் உரத்துச் சொன்னது. மாமி அவர்களை அதட்டவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. தங்கையின் முகத்தைக் கழுவி, மடியில் வைத்துத் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார். தங்கை ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள், தான் என்ன எடுத்தேன் என்று. யோசித்துப் பார், நினைவு வரும் என்றார் அம்மா. எனக்கு அந்த நேரம் மாமியைவிட அம்மாவைத்தான் பிடிக்கவில்லை.

அவள் இரவு முழுக்க யோசித்திருக்க வேண்டும். உயிர்த்த ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்து, நானும் அம்மாவும் அடுப்படியில் நிற்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் முற்றத்தில் தங்கையின் குரல் கேட்டது. கிடுகு வேலிக்குள்ளால் பார்த்தோம். பாஸ்காவுக்குத் தைத்த புதுச் சட்டையோடு நிற்கிறாள், கையில் அவளுடைய பொம்மை. கண் மூடித் திறக்கிற பொம்மை, அப்பா கொழும்பிலிருந்து அவளுக்கென்று வாங்கி வந்தது. தெருவில் யாருக்கும் அப்படி ஒன்று இல்லை. இரண்டு கையாலும் அதை மாமியிடம் நீட்டினாள்.

"இதுதான் மாமி எடுத்தனான்."

மாமி வாங்கவில்லை. பொம்மையைப் பார்த்தார், பிறகு நேரே எங்கள் வேலியைப் பார்த்தார். நாங்கள் நிற்பது அவருக்குத் தெரியும். குனிந்து பிள்ளையிடம் கேட்டார்.

"இது ஆற்றை?"

"உங்கடை."

"நீ எடுத்தனியே?"

"ஓம் மாமி."

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருமா என்று பார்த்தார். அது பிள்ளையின் பொம்மை அக்கா, அவளிடம் கொடுங்கள் என்று ஒரு சொல். பொம்மையின் கண்கள் மூடித் திறந்தன. மாமி நெடுநேரம் பொறுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு பொம்மையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

தங்கை வெறுங்கையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அழவில்லை. பாரம் இறக்கியவள்போல முகம் தெளிந்திருந்தது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கிடுகைப் பிடித்தபடி கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டு, எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார்.

"பிள்ளை நம்பிட்டாள். ஆண்டவரே, நம்பிட்டாள்."